தட்டைப் பாதம் இருந்தால் படையில் சேர முடியாதா? தேர்வுக்கு முன் நீங்களே பார்த்துக்கொள்ளும் முறை

படைச் சேர்க்கைக்கு ஆயத்தமாகும் பலர், ஓட்டத்திற்கும் தண்டாலுக்கும் மாதக்கணக்கில் உழைப்பார்கள். ஆனால் தம் உள்ளங்காலை ஒருமுறைகூடத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். மருத்துவத் தேர்வில் மருத்துவர் பார்ப்பது பாதத்தின் அழகை அல்ல. அது வளைந்து கொடுக்கிறதா, வலியில்லாமல் இருக்கிறதா, பூட்ஸுக்குள் நாள் முழுவதும் சுமை தாங்குமா என்பதைத்தான்.

முதல் படி, ஈரத் தடம். உள்ளங்காலை நனைத்து, உலர்ந்த சிமென்ட் தரையில் முழு எடையையும் ஊன்றி நின்றுவிட்டு விலகுங்கள். தடத்தின் உட்புறம் பிறைபோல் உலர்ந்திருந்தால் வளைவு இயல்பானது. பிறையே இல்லாமல் முழுப் பாதமும் பதிந்திருந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். குதிகாலும் முன்பாதமும் தனித்தனித் திட்டுகளாகத் தெரிந்தால் வளைவு அதிகம். தடம் வடிவத்தை மட்டுமே சொல்லும் என்பதால், அதைப் பார்த்து மனம் தளர வேண்டியதில்லை.

இரண்டாம் படிதான் முக்கியமானது. ஒருவரைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு, குதிகாலைத் தூக்கி விரல்களில் எக்கி நில்லுங்கள். தரையில் ஊன்றியிருக்கும்போது வெளிப்புறம் சாய்ந்திருந்த குதிகால், எக்கும்போது உட்புறம் திரும்பி, அதுவரை காணாமல் இருந்த வளைவும் எழுந்து வந்தால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். கணுக்காலின் உட்புறம் வழியாக இறங்கும் தசைநாண் ஒழுங்காக இழுக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். வலியும் இல்லையென்றால் பல நாட்டுப் படைகளில் இது தடையாவதில்லை. எக்கியும் வளைவு வராமல் பாதம் பலகைபோல் கிடந்தால் எலும்பியல் மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பின்பாதத்தின் இரண்டு எலும்புகள் பிறவியிலேயே ஒட்டியிருப்பது இதற்கு ஒரு பொதுவான காரணம்.

மூன்றாம் படி, ஒவ்வொரு காலிலும் பத்து முறை நொண்டியடித்துவிட்டு, விரல் நுனியில் சிறிது தூரம் ஓடுங்கள். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் வலி இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

நான்காம் படி, கெட்டியான பூட்ஸ் அணிந்து ஒரு மணி நேரம் நடந்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பெருவிரலடியில் புடைத்த எலும்பு, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விரல், கால் ஆணி ஆகியவை இருந்தால், தோல் சிவந்த இடமே தேர்வில் கேள்வி எழும் இடம்.

இடையில் ஒன்று: வளைவு அதிகமாக இருப்பதை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆனால் 1993-இல் வெளியான, அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரைப் பற்றிய ஆய்வில், தட்டைப் பாதத்தினரைவிட உயர்ந்த வளைவு கொண்டவர்களுக்கே காயங்கள் அதிகம் ஏற்பட்டன.

கடைசிப் படி, நீங்கள் சேர விரும்பும் படைப்பிரிவின் மருத்துவ விதிகளை வாங்கிப் படியுங்கள். நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, பிரிவுக்குப் பிரிவும் அவை மாறும். கால் தசைகளுக்கான பயிற்சி வலுவைக் கூட்டுமே தவிர, ஒட்டிய எலும்பைப் பிரிக்காது. பழைய அறுவைச் சிகிச்சை, காலணிக்குள் வைக்கும் தாங்கி ஆகியவற்றை மறைக்காமல், எக்ஸ்ரேயையும் மருத்துவர் குறிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.