‘ரன்’ என்ற சொல்லைத் தமிழாக்குவது எப்படி?

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப் பழகுபவரை இடறிவிடுவது பெரும்பாலும் நெடிய கலைச்சொல் அன்று. மூன்றே எழுத்துகள் கொண்ட ‘ரன்’ போன்ற சொல்தான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செட்’ என்ற வினை சுமார் 430 பொருள்களோடு முன்னணியில் இருந்தது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்ற வினைக்கு 645 பொருள்கள் பிரிக்கப்பட்டன. இவற்றை மனப்பாடம் செய்ய முயல வேண்டாம்.

முதலில் எழுவாயைப் பாருங்கள். ஆறு ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, திரைப்படம் நூறு நாள் ஓடுகிறது என்று நம் ‘ஓடு’ என்ற வினையும் நெடுந்தூரம் உடன் வரும். ஆனால் சாலை ஓடாது, செல்லும், துணியின் சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும், மூக்கு ஒழுகும். தொடக்க காலத்தில் ஒரு மருந்துக் குறிப்பில் ‘மூக்கு ஓடினால்’ என்று நானே எழுதி, சரிபார்த்தவரின் சிரிப்புக்கு ஆளாகியிருக்கிறேன்.

அடுத்து, செயப்படுபொருள் இருக்கிறதா என்று பாருங்கள். கடையை ‘ரன்’ செய்பவர் அதை நடத்துகிறார். கணினி நிரலை ‘ரன்’ செய்பவர் அதை இயக்குகிறார். ஒரு கட்டுரையை ‘ரன்’ செய்த நாளிதழ் அதை வெளியிட்டிருக்கிறது. இங்கே ‘ஓட்டு’ என்ற வினையைக் கவனமாகக் கையாள வேண்டும்: ‘கடையை ஓட்டுகிறார்’ என்று எழுதினால், வருமானம் போதாமல் எப்படியோ காலம் தள்ளுகிறார் என்ற சாயல், மூலத்தில் இல்லாவிட்டாலும், வந்து ஒட்டிக்கொள்ளும்.

உண்மையான சிக்கல் வினைக்குப் பின்னால் வரும் சிறு சொல்லில்தான் இருக்கிறது. ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்’ என்ற வாக்கியத்தில் எழுவாய் ‘நாங்கள்’. தமிழிலோ சர்க்கரைதான் எழுவாயாகி, ‘சர்க்கரை தீர்ந்துவிட்டது’ என்று வாக்கியமே திரும்பிக்கொள்கிறது. ‘ரன் இன்டு’ என்பதற்குப் பின் பழைய நண்பர் வந்தால் தற்செயலாகச் சந்தித்தல், சுவர் வந்தால் மோதுதல். ‘ரன் ஓவர்’ என்பது கூட்டத்தைக் குறித்தால் நேரம் கடந்து நீள்வது; வண்டியைக் குறித்தால் ஆள்மீது ஏறுவது. அமெரிக்க வேட்பாளர் பதவிக்காக ‘ரன்’ செய்கிறார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பதே வழக்கம். தமிழில் இருவருமே தேர்தலில் நிற்பவர்கள்தாம்.

பெயர்ச்சொல்லாக வரும்போது தொல்லை குறைவு. கிரிக்கெட்டில் ‘ரன்’ அல்லது ‘ஓட்டம்’ போதும். வங்கியின்மீது ஏற்படும் ‘ரன்’ மட்டும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது. போட்ட பணத்தைத் திரும்பப் பெற வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் முண்டியடிப்பது என்று முதல்முறை விரித்தே எழுதிவிடுங்கள்.