தமிழ் தெரிந்தால் போதும் என்று கொழும்புக்குத் தொண்டு செய்ய வருகிறவர்களுக்கு

திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வர எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆனது. சென்னையிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவுக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியே வந்தால் பெயர்ப்பலகையில் தமிழ், பஸ்ஸின் நெற்றியில் தமிழ், கொழும்பின் வெள்ளவத்தைப் பகுதியில் இறங்கினால் புடவைக்கடை, இட்லிக்கடை, கோயில் மணி. இதை வெளிநாடு என்று எப்படி நம்புவது? நான் நம்பவில்லை. பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் அறிவியல் சொல்லிக்கொடுக்க இரண்டு வருடத்துக்கு என்று வந்தவள், இப்போது நான்காவது வருடம் ஓடுகிறது. முதல் வருடம் நான் செய்த தவறுகள் எல்லாமே "நம்ம மொழிதானே, நம்ம ஆட்கள்தானே" என்ற ஒரே நினைப்பில் செய்தவை. ஜெர்மனியிலிருந்து வருகிறவர் இந்தத் தவறுகளைச் செய்வதில்லை, அவருக்கு இது வெளிநாடு என்று தெரியும்.

விசாவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற தவறுகளுக்கு அசடு வழிந்தால் போதும், இதற்குப் பெட்டி கட்ட வேண்டும். "சம்பளமா வாங்கப்போறோம், சேவைதானே" என்று சுற்றுலா விசாவில் வந்து வேலையில் உட்கார்ந்துவிடுவது பலர் செய்வது. அந்த விசாவின் நிபந்தனையில் சம்பளம் உள்ள வேலை, இல்லாத வேலை இரண்டுமே கூடாது என்றுதான் இருக்கிறது. நீண்ட நாள் தங்கித் தொண்டு செய்ய வதிவிட விசா (ரெசிடென்ஸ் விசா) வேண்டும்; உங்களை அழைக்கும் நிறுவனம்தான் அதற்குக் கடிதம் கொடுத்து, அரசுத் தரப்புப் பரிந்துரை வாங்கி, பத்தரமுல்லையில் இருக்கும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் நகர்த்த வேண்டும். "முதல்ல வந்துடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் டிக்கெட் போடாதீர்கள். எந்த வகை விசா, புதுப்பிக்கும் கட்டணம் யார் கையிலிருந்து, அலுவலகத்துக்கு உங்களோடு யார் வருவார் என்ற மூன்றையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். என்னோடு ஒரே மாதத்தில் வந்த ஒருவர் இதைக் கேட்கக் கூச்சப்பட்டார், மூன்றாவது மாதம் திரும்பிப் போனார்.

சரி, மொழிக்கு வருவோம். இரண்டாவது வாரம், ஒரு பையனுக்குப் படிப்பில் கவனமே இல்லை. தனியாக உட்காரவைத்து அன்பாகப் பத்து நிமிடம் பேசினேன். கூட்டிப்போக வந்த அவன் அம்மாவிடம், "உங்க பையன்கிட்ட நல்லா பேசியிருக்கேன், இனிமே சரியாயிடுவான்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் மிஸ், என்ன செய்தவன்? எதுக்குப் பேசினீங்கள்?" என்கிறார். நான் மறுபடியும், "இல்லைங்க, ரொம்ப நேரம் பேசினேன்" என்கிறேன். பையன் கண்ணில் தண்ணீர். அன்று இரவு வீட்டுக்கார அன்ரி (ஆன்ட்டியை இங்கே அப்படித்தான் எழுதுவார்கள், சொல்வார்கள்) சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, நாங்கள் கதைக்கிறது. பேசுறது எண்டா ஏசுறது." நெல்லைக்காரிக்கு ஏசுவது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அதற்கப்புறம் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். ஆறுதலாக வாங்க என்றால் மெதுவாக வாங்க. கெதியாக என்றால் சீக்கிரம். நுளம்பு கொசு, பாண் பிரெட், கதிரை நாற்காலி. தவணை என்றால் வட்டிக்காரர் ஞாபகம் வேண்டாம், அது பள்ளிக்கூடத்தின் பருவம். பெரியவர்கள் உங்களை "நீர்" என்றால் மரியாதைக் குறைவு என்று முறைக்காதீர்கள், அதில் உரிமைதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். நீங்கள் யார் என்று சொல்வதிலேயே ஒரு குழப்பம் உண்டு. தன்னார்வலர் என்ற சொல் இங்கே அவ்வளவாகப் புழங்குவதில்லை, தொண்டர் என்பார்கள். நமக்குத் தொண்டர் என்றால் கட்சிக் கொடி. இங்கே தொண்டர் ஆசிரியர் என்றால், வடக்கு கிழக்கில் சம்பளம் இல்லாமல் வருடக்கணக்கில் படிப்பித்து நிரந்தர நியமனம் கேட்டுப் போராடியவர்களின் ஞாபகம் வரும். அந்தப் பெயரை அலட்டலாகச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஆனால் பேச்சுத் தமிழில் தடுக்கினால் சிரித்துவிட்டுப் போகலாம். நான் நிஜமாகவே கெட்ட காரியம் செய்தது சிவப்புப் பேனாவால். எட்டாம் தரப் பிள்ளை ஒருத்தி, தாவரம் உணவு தயாரிக்க என்ன வாயு வேண்டும் என்ற கேள்விக்குக் 'காபனீரொட்சைட்டு' என்று எழுதியிருந்தாள். அடித்தேன். பக்கத்தில் 'கார்பன் டை ஆக்சைடு' என்று திருத்தமாக எழுதியும் வைத்தேன். அடுத்த தாளில் 'ஒட்சிசன்', அதற்கடுத்ததில் 'ஐதரசன்'. ஏழு தாள் திருத்தியபின்தான் எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரித் தப்புச் செய்யுமா என்று உறைத்தது. பாடப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் அவர்கள் எழுதியதுதான் சரி. இயற்பியல் இங்கே பௌதிகவியல், வேதியியல் இரசாயனவியல், அழுத்தம் அமுக்கம். இவையாவது பார்த்த உடனே தெரியும். ஆபத்தானது 'வேகம்'. தமிழ்நாட்டுப் புத்தகத்தில் வேகம் வேறு, திசைவேகம் வேறு. இங்கே நம்முடைய வேகம் 'கதி', நம்முடைய திசைவேகம்தான் 'வேகம்'. ஒரே சொல், பொருள் வேறு. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சாதாரண தரப் பரீட்சையில் (இங்கே பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் பொதுத்தேர்வு) எழுதினால் பிள்ளைக்குத்தான் மார்க் போகும், எனக்கு ஒன்றும் ஆகாது. படிப்பிக்க வருகிறவர்கள் ஊரிலிருந்து புத்தக மூட்டை கட்டி வராதீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்திலேயே இலவசமாக இருக்கின்றன, வருவதற்கு முன்னால் ஒரு மாதம் அவற்றோடு உட்காருங்கள். நர்ஸாக வந்தாலும் கணக்கராக வந்தாலும் இதே கதைதான், உங்கள் துறைக்கு இங்கே வேறு தமிழ் இருக்கும்.

தமிழ் இருக்கிறதே என்று சிங்களத்தைத் தொடாமல் விடுவது அடுத்த தவறு. நான் பத்து மாதம் விட்டேன். 1987இல் கொண்டுவந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி (நாம் ஆட்சி மொழி என்போம்) ஆகிவிட்டது, படிவம் மூன்று மொழியில் இருக்கும், ஆனால் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குச் சிங்களம் மட்டுமே தெரிந்திருந்தால் படிவம் எத்தனை மொழியில் இருந்து என்ன? பாணந்துறை போகும் 100ஆம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று கத்த, மொத்தக் கூட்டமும் முன்னால் நகர, நான் மட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கம்பமாக நின்றேன். முன்னால் போ என்கிறார் என்று ஒரு பாட்டி என் முதுகைத் தள்ளிப் புரியவைத்தார். இறங்கப் 'பஹினவா', என்ன விலை என்று கேட்கக் 'கீயத', எக்க தெக்க துன ஹதர என்று எண்கள், இவ்வளவு இருந்தால் முதல் மாதம் ஓடிவிடும். மிச்சத்தை வெள்ளவத்தைச் சந்தையில் படிக்கலாம், காய்க்காரர்கள் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். இளவயது ஆட்டோக்காரரை எல்லாரும் 'மல்லி' என்று கூப்பிடுவதைக் கேட்டு அவர் பெயரே மல்லி என்று நினைத்திருந்தேன். தம்பி என்று அர்த்தம். எங்கள் ஊரில் மல்லி ரசத்தில் போடுவது.

இன்னொன்று சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் தமிழ்நாட்டிலிருந்து வருகிற முக்கால்வாசிப் பேர் செய்வது. வந்த முதல் வாரம், சாப்பாட்டு மேசையில், "சண்டை நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று அன்ரியிடம் கேட்டுவிட்டேன், ஏதோ மழை பெய்தபோது எங்கே இருந்தீர்கள் என்பதுபோல. அவர் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார். பால் எதுவும் இருக்கவில்லை. 1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன, அப்புறம் 2009 வரைக்கும் போர். உங்கள் எதிரே உட்கார்ந்து இடியப்பம் பிசைகிறவர் எதை இழந்தார் என்று உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று இருந்தால் அவர்களே சொல்வார்கள். அன்ரி ஒன்றரை வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எல்லோரையும் 'இலங்கைத் தமிழர்' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டவும் வேண்டாம். யாழ்ப்பாணத்தார் வேறு, மட்டக்களப்பார் வேறு, தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் தங்களைத் தனிச் சமூகமாகத்தான் சொல்வார்கள். மலையகத் தமிழர்கள், அந்தக் காலத்தில் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். அப்படி ஒரு சக ஊழியரிடம் உற்சாகமாக, "அப்போ நீங்களும் எங்க ஊர்தான்!" என்றேன். அவர் பொறுமையாக, "நாலு தலைமுறையா ஹட்டன்தாங்க எங்க ஊர்" என்றார். இந்தியாக்காரர் என்று சொல்லித்தான் 1948 குடியுரிமைச் சட்டம் அவருடைய தாத்தா காலத்து மக்களை லட்சக்கணக்கில் நாடற்றவர்களாக ஆக்கியது. நான் பாசமாக நினைத்த சொல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்!

ஊரில் இருக்கும்போது அரசியல் படங்களைப் பகிர்ந்த பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிடுங்கள். இங்கே 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் என்று ஒன்று உண்டு. நீங்கள் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம், உங்களை அழைத்த சின்ன நிறுவனமும் வீடு கொடுத்தவரும் இங்கேயேதான் இருந்தாக வேண்டும். உங்கள் கருத்தை மாற்றச் சொல்லவில்லை, அதற்கான விலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதும் வேண்டாம், இங்கே அதை அவமதிப்பாகப் பார்ப்பார்கள்.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாட்டுப் பணத்துக்கும் பெயர் ரூபாய் என்பதால் முதல் மாதம் தலை சுற்றும். நான் இருக்கும் இந்தக் காலத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய்க்கு மேல் வருகிறது, ஆனால் எல்லாவற்றையும் மூன்றால் வகுத்து "பரவாயில்லையே, மலிவு" என்று வாங்கினால் இருபதாம் தேதி பை காலி, ஏனென்றால் உங்களுக்கு வரும் படி இலங்கை ரூபாயில்தான். வீடு தேடும்போது 'அனெக்ஸ்' என்று கேளுங்கள், வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, தனியாள் இருக்க அதுதான் தோது. ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது சாதாரணம், அதற்குப் பணம் வைத்துக்கொண்டு வாருங்கள். நம்ம ஊர் வட்ட ஊசி பிளக் பழைய வீடுகளில் நுழையும், புதியவற்றில் சதுர ஊசிதான். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை. நான் ஒரு போயா நாளில் பரீட்சை வைத்துவிட்டு, கேள்வித்தாளோடு காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

வேலையைப் பற்றி ஒன்றே ஒன்று. வந்த வேகத்தில் வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு ஒரு சின்ன லேப் அமைச்சுத் தரேன்" என்று முதல் மாதம் சொன்னேன். நான் மறந்துவிட்டேன். மூன்றாவது வருடம் ஒரு பெண், "மிஸ், அந்த லேப்?" என்றாள். தவணை நடுவில் விட்டுவிட்டுக் கிளம்புவதும் இதே ரகம்தான்.

கடைசியாகக் காய்ச்சல். கொழும்பில் மழை விட்டதும் டெங்கு ஆரம்பித்துவிடும். எனக்கு வந்தது இரண்டாம் வருடம். உடம்பு வலி தாங்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையைத் துழாவி ஐபுப்ரோஃபென் ஒன்றை எடுத்து வாயில் போடப் போனேன். டெங்குவில் அதுவும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவை மோசமாக்கும், பாரசிட்டமால் மட்டும்தான், அதை இங்கே பனடோல் என்றே சொல்வார்கள். அன்ரி கையிலிருந்து தட்டிவிட்டார். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டியும் ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை, பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கவிட்டிருக்கிறேன், பின்னேரம் ஜன்னலை மூடச் சொன்னால் மூடுவதில்லை என்று ஒவ்வொன்றாக எடுத்து, ஆட்டோ வரும்வரைக்கும் விடவில்லை. ஆஸ்பத்திரியில் நாலு நாள். பிளாஸ்கில் கஞ்சியும் செவ்விளநீருமாக தினமும் வந்தார், வந்து மறுபடியும் ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்த அன்று அம்மாவுக்கு போன் போட்டேன். "அன்ரி நாலு நாளும் நல்லா பேசினாங்கம்மா" என்றேன்.

"நல்ல மனுஷி. நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள் அம்மா.