ஆம்ப்ளிஃபையர் மேல் போட்ட வீண்பழி

ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்க இரண்டு சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 100, 101 மெகாஹெர்ட்ஸில் இரண்டு டோன் (ஒற்றை அதிர்வெண் சிக்னல்) கொடுத்தால் 99-லும் 102-லும் முள் மாதிரி இரண்டு வேண்டாத சிக்னல் நின்றன. ஆம்ப்ளிஃபையர்தான் கெட்டது என்று ஒரு மதியம் முழுக்க அதைத் திட்டினேன். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு இரண்டு டோனையும் ஒன்றாக்கும் கம்பைனரை நேராக ஸ்பெக்ட்ரம் அனலைசரில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) செருகினேன், முள் அப்படியே இருந்தது. அனலைசரின் உள் அட்டென்யுவேஷனை (உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கும் அளவை) 10 டெசிபெல் கூட்டியும் அசையவில்லை; முள் அனலைசருக்குள் உருவாகியிருந்தால் குறைந்திருக்கும். சரி, அனலைசரும் நிரபராதி. ஒரு ஜெனரேட்டரின் சிக்னல் கம்பைனர் வழியாக மற்றதன் வெளியீட்டுக்குள் புகுந்து, அதன் வெளியீட்டு அளவைத் தானாக நிலைநிறுத்தும் ஏஎல்சி சுற்றை, இரண்டு டோனுக்கும் உள்ள 1 மெகாஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கு (பீட்) ஆட வைத்திருக்கிறது! என்னுடையது மலிவான ரெசிஸ்டிவ் கம்பைனர், அதில் ஐசொலேஷன் (ஒரு ஜெனரேட்டர் வாயிலிருந்து மற்றதற்குக் கசிவதைத் தடுக்கும் அளவு) வெறும் 6 டெசிபெல்தான். இரண்டு ஜெனரேட்டர் வாயிலும் 10 டெசிபெல் பேட் (சிக்னலைக் குறைக்கும் சின்னத் துண்டு) மாட்டினேன். கசிவு இரண்டையும் தாண்ட வேண்டும் என்பதால் 20 டெசிபெல் குறைகிறது. பேடில் டோன் இழந்ததை ஈடுகட்ட ஜெனரேட்டர் லெவலை 10 டெசிபெல் ஏற்றினேன், முள் இரைச்சலுக்குள் மறைந்தது.