ஆய்வுக் குழுவில் யார் யார்? கண்டுபிடிக்கும் வழி

வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலோ ஆய்வுக் குழுக்களைப் பற்றி முதன்முதலாக ஆராயப் போகிறவர்களுக்கு இது. எக்செல் தெரிந்தால் போதும்.

முதலில் வரையறை. ஒரே கட்டுரையில் பெயர் போட்டவர்கள்தான் குழுவா? ஒரே நிதியில் வேலை செய்பவர்களா? ஒரே ஆய்வுகூடத்தில் இருப்பவர்களா? கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெல்லுக்குப் பாயும் நீரை அளக்கிற ஆய்வு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். கட்டுரையில் நாலு பெயர் இருக்கும். விடிய எழும்பி வாய்க்காலில் நீர்மட்டம் குறித்த உதவியாளர், மண் மாதிரி ஏற்றிப்போன சாரதி, வயலை விட்டுக்கொடுத்த கமக்காரர் எல்லோரும் நன்றி சொல்லும் பகுதியில் வந்தாலே பெரிய காரியம். யாரைச் சேர்ப்பீர்கள், யாரை விடுவீர்கள் என்று ஒரு வசனம் எழுதி வையுங்கள். அப்புறம் தரவைத் தொடுங்கள்.

இரண்டாவது, ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிக் கட்டுரைப் பட்டியலை இறக்குங்கள். இலவசம்தான்.

மூன்றாவது பெயர்களைத் துப்புரவாக்குவது. நேரமெல்லாம் இதில்தான் போகும். எங்கள் ஆட்களில் ஒருவர் தகப்பன் பெயரை முன்னெழுத்தாகப் போடுவார், இன்னொருவர் முழுதாகப் பின்னால் போடுவார். ஒரே ஆள் ஆங்கிலத்தில் ‘எச்’ சேர்த்து ஒரு தடவை, சேர்க்காமல் ஒரு தடவை எழுதுவார். கணினி ஒருவரை மூவராக்கும், இருவரை ஒருவராக்கும். ஓர்கிட் இலக்கம், அதாவது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கும் அடையாள எண், இருந்தால் நல்லது. இல்லையென்றால் துறையையும் கட்டுரையைச் சேர்ந்து எழுதிய இணை ஆசிரியர்களையும் பார்த்துக் கையால்தான் பிரிக்க வேண்டும்.

சரி, இனி ஒரு கட்டுரைக்கு எத்தனை ஆசிரியர்கள் என்று எண்ணலாம். வூச்டி, ஜோன்ஸ், உஸ்ஸி மூவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிவியல், பொறியியல் கட்டுரை ஒன்றின் சராசரி ஆசிரியர் எண்ணிக்கை 1955இல் 1.9, 2000இல் 3.5. உங்கள் எண்ணை இதோடு ஒப்பிடலாம். ஆனால் சராசரியோடு இடையத்தையும், அதாவது எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதையும், எடுங்கள். ஹிக்ஸ் துகளின் திணிவு பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அப்படி ஒன்று பட்டியலில் புகுந்தால் சராசரி எங்கேயோ போய்விடும்.

யார் யாரோடு எழுதுகிறார் என்று வலைப்படமாகப் பார்க்க கெஃபி மென்பொருள் உண்டு.

கடைசியாக ஆட்களிடம் போய்ப் பேசுங்கள். ஆய்வில் யார் என்ன செய்தார் என்று குறிக்கிற கிரெடிட் என்ற வகைப்பாட்டில் 14 பங்களிப்புகள் இருக்கின்றன: எண்ணக்கரு, தரவுப் பராமரிப்பு, நிதி தேடல், முதல் வரைவு இப்படி. அந்தப் பட்டியலைக் காட்டி, எதை யார் செய்தார் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். மாணவர்களைப் பேராசிரியர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பிடியுங்கள்.