சந்தையில் கை செய்யும் தவறுகள்

கொரோனா உச்சத்தில் இருந்த நாட்களில் நாகர்கோவிலில் மீன் வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்ற அக்கா முகக்கவசம் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். சாளையின் செவுளை விரலால் விலக்கி நிறம் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். விலை பேசப் பேச முகக்கவசம் நழுவியது. அதே விரலால் மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். "அக்கா, அந்தக் கையாலயா?" என்று நான் கேட்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மீனை வாங்கிய பிறகு பையிலிருந்து சானிடைசர் எடுத்து இரண்டு சொட்டு தேய்த்தார்.

அவருக்கு அக்கறை இருந்தது. ஆனால் கை சுத்தமாகும் முன்பே முகத்துக்குப் போய்விட்டது. சந்தையில் பெரும்பாலான தவறுகள் இப்படித்தான் நடக்கின்றன.

சானிடைசரையும் தவறாகவே புரிந்து வைத்திருக்கிறோம். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ளதை, இரண்டு கையும் நனையும் அளவு எடுத்து, காயும்வரை தேய்க்க வேண்டும். அதற்கு 20 முதல் 30 நொடி ஆகும். பாதியிலேயே சேலையில் துடைத்துவிட்டால் பயனில்லை. மீன் வழவழப்போ மரச்சீனிக் கிழங்கின் மண்ணோ கையில் இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. அப்போது சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். கொரோனா வைரஸைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையை சோப்பு உடைத்துவிடும். அழுக்கோடு மற்ற கிருமிகளும் கழுவிப் போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் நோரோவைரஸ் சானிடைசருக்கு எளிதில் மசியாது, சோப்புபோட்டுக் கழுவினால்தான் போகும். பெருவிரலையும் நகக்கண்ணையும் விட்டுவிடாமல் 20 நொடியாவது தேய்த்துக் கழுவுங்கள். சானிடைசர் காயாத கையோடு அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கையுறை போட்டவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான். கையுறையோடு தக்காளி பொறுக்கி, அதே கையுறையோடு போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். எச்சில் தொட்டு கவர் பிரிக்கிற, நோட்டு எண்ணுகிற பழக்கத்தைக் கடைக்காரரும் வாங்குபவரும் விட்டாக வேண்டும். பயத்தில் காய்கறிக்கு சோப்பு போட்டவர்களும் உண்டு. வயிற்றுக்குள் போகிற பொருளுக்கு சோப்பு வேண்டாம், ஓடும் தண்ணீரில் அலசினால் போதும்.

கையைக் கழுவிவிட்டோமே என்று நெருக்கியடித்து நிற்பதுதான் இவற்றில் பெரிய தவறு. கொரோனா முக்கியமாக மூச்சு வழியாகப் பரவியது. பொருட்களைத் தொட்டு அது தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. மீன்காரம்மாவின் முகத்தருகே குனிந்து பேரம் பேசுவதைவிட, கொஞ்சம் விலகி நின்று சத்தமாகப் பேசலாம், முகக்கவசம் இறங்காமல் இருந்தால்.

வீட்டுக்கு வந்ததும் பையை வாசலில் வைத்துவிட்டு நேராகக் குழாயடிக்குப் போங்கள். மீன் கையால் திறந்த குழாயை, கழுவிய கையால் மூடும் முன் அதன் திருகிலும் கொஞ்சம் சோப்பு தேய்த்து அலசிவிடுங்கள்.