வடசென்னையின் உடல்நலத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இறப்புகள் அளவுக்கு மீறி இருப்பதாகக் காட்டும் பட்டியல் ஒன்றை, எங்கள் கணக்கெடுப்புக் குழுவிலிருந்த மாணவர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் மிகுந்த கவலையோடு என்னிடம் கொண்டுவந்தார். அவருடைய கூட்டலில் பிழை இல்லை. எண்களுக்கு அவர் கொண்ட பொருளில்தான் பிழை இருந்தது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுகிறது. அரசு ஸ்டான்லி மருத்துவமனை அங்கே இருப்பதால், எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தும் கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்டு உயிர் பிரிந்தவர்கள் எல்லாரும் அந்தப் பகுதியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளின் கணக்கும் இப்படியே.

இத்தவறின் மறுபக்கம்தான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. வண்ணாரப்பேட்டை நோயுற்ற ஊராகத் தோன்றும் அதே அளவுக்கு, எண்ணூர் நலமான ஊராகத் தோன்றிவிடும். அனல்மின் நிலையங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவே வாழும் மக்களுக்குக் கூடுதல் மருத்துவ வசதி வேண்டும் என்று கேட்கப் போகும்போது, “உங்கள் பகுதியில் இறப்பு குறைவுதானே” என்ற பதில் வரக்கூடும். ஆகவே இறந்தவர் வழக்கமாக எங்கே வசித்தார் என்ற விவரத்தைக் கொண்டு கணக்கை மறுபடி பிரித்த பிறகே இரண்டு பகுதிகளை ஒப்பிட வேண்டும்.

அப்படிப் பிரித்த பின்னும் வயது என்ற இடர் இருக்கிறது. மொத்த இறப்பை மொத்த மக்கள்தொகையால் வகுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கற்பனையாகப் பத்தாயிரம் பேர் வசிக்கும் இரண்டு பகுதிகளை எடுத்துக்கொள்வோம். முதல் பகுதியில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 2,000 பேர். அவர்களில் ஆயிரத்துக்கு 40 பேரும், மற்ற 8,000 பேரில் ஆயிரத்துக்கு 2 பேரும் ஓராண்டில் இறக்கிறார்கள் என்றால் மொத்தம் 96 இறப்புகள். இரண்டாம் பகுதியில் முதியவர்கள் 500 பேர்தான், ஆனால் அவர்களில் ஆயிரத்துக்கு 50 பேரும், மற்ற 9,500 பேரில் ஆயிரத்துக்கு 4 பேரும் இறக்கிறார்கள், மொத்தம் 63. முதியவர், இளையவர் என்ற இரு பிரிவிலும் நிலைமை மோசமாக உள்ள இரண்டாம் பகுதி, மொத்தக் கணக்கில் நலமான பகுதியாகக் காட்சியளிக்கிறது. வேலை தேடி வந்த இளம் குடும்பங்கள் நிறைந்த பகுதிகளை, ஓய்வுபெற்றோர் மிகுந்த பகுதிகளோடு ஒப்பிடும்போது நேரும் பிழை இதுவே. இரண்டு பகுதிகளிலும் வயதுப் பங்கீடு ஒன்றே என்று வைத்துக்கொண்டு வீதத்தைத் திரும்பக் கணக்கிட்டால் உண்மை வெளிப்படும்.

ஒரே ஒரு வார்டின் குழந்தை இறப்பு வீதத்தை ஆண்டுக்காண்டு ஒப்பிடுவதும் வீண். ஆயிரம் பிறப்புக்கு இத்தனை என்று கணக்கிடப்படும் அவ்வீதம், ஆண்டுக்கு 300 குழந்தைகள் பிறக்கும் வார்டில் ஒரேயொரு இறப்பால் மூன்றுக்கு மேல் ஏறிவிடும். ஐந்தாண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதே முறை.

இலவச மருத்துவ முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருந்தது என்றால், அப்பகுதியில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று எழுதிவிடக் கூடாது. உடம்பில் ஏதோ சரியில்லை என்ற ஐயம் உள்ளவர்களே முகாமுக்கு முதலில் வருகிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் போன்ற திட்டத்தின் வழியே வீட்டு வாசலிலேயே பரிசோதனை நடக்கும்போது, அதுவரை மறைந்திருந்த நோய் கணக்கில் ஏறுகிறது. அதை நோய் பெருகியதாகக் கொள்வது, விளக்கை ஏற்றியதால்தான் அறையில் குப்பை சேர்ந்தது என்பதைப் போன்றது. மேலும், இந்த ஆண்டு புதிதாக நோய் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதும், இன்று நோயோடு வாழ்பவர்கள் எத்தனை பேர் என்பதும் வெவ்வேறு கேள்விகள். நல்ல சிகிச்சையால் நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தால் இரண்டாம் எண் உயரும். அந்த உயர்வு நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டம், நோயின்மை மட்டும் உடல்நலம் ஆகாது என்றும், உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றிலும் நலமாக இருப்பதே உடல்நலம் என்றும் வரையறுத்தது. இதை நம் படிவங்களின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டு, உள்ளே இரத்த அழுத்தத்தையும் எடையையும் மட்டும் கேட்கிறோம். இறப்பை மட்டுமே எண்ணினால், துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரின் முதுகுவலியும், தைத்துத் தைத்து மங்கிய கண்களும், மனச்சோர்வும் எந்தக் கணக்கிலும் வராது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும், நோயோடும் ஊனத்தோடும் கழிந்த ஆண்டுகளையும் ஒன்றாகக் கூட்டும் அளவுகோல் 1990களில் உருவானதற்கு, இத்தகைய துன்பங்களையும் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்பது முக்கியக் காரணம்.

மனநலத்தை அளப்பதில் காலமும் இடமும் பெரும் பிழைகளை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள் கொண்ட மனநலப் படிவம், கடந்த இரண்டு வார நிலையை மட்டுமே கேட்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் கரையில் நிற்க, வட்டிக்கு வாங்கிய பணத்தில் வீடு நடக்கும் காசிமேட்டுக் குடும்பம் தரும் விடை ஒன்று. தடை நீங்கி முதல் மீன் வந்திறங்கிய வாரத்தில் அதே குடும்பம் தரும் விடை வேறொன்று. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ‘மீனவர் மனநலம்’ என்று அறிக்கை எழுதுவது பெருந்தவறு. இரு காலங்களிலும் கேட்க வேண்டும். காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் கடலுக்கும் கம்பெனிக்கும் லாரிக்கும் போனவர்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மறுபடி போக வேண்டும். மாமியார் பக்கத்தில் அமர்ந்திருக்க மருமகளிடம் மனநிலையைக் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே பதிந்துகொள்வதில் பயனில்லை. “எப்படி இருக்கீங்கம்மா?” என்ற கேள்விக்கு, “ஏதோ கீறோம்பா” என்று விடை வந்தால், அதை ‘நலம்’ என்ற கட்டத்தில் குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகராமல், அந்த ‘ஏதோ’வுக்குள் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள் மதிப்புமிக்கவை. ஆயினும் அதில் மிகச் சிறிய அலகு மாவட்டம்தான். கொடுங்கையூர்க் குப்பைமேட்டை ஒட்டி வாழ்பவரும் நகரின் தென்கோடியில் வாழ்பவரும் சென்னை என்ற ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். அதை எடுத்து வடசென்னையின் நிலை என்று காட்டக் கூடாது. அதேபோல, ஒரு பகுதியின் காற்று மாசு அளவைக் கொண்டு குறிப்பிட்ட ஒருவரின் மூச்சிரைப்புக்குக் காரணம் சொல்வதும் தவறு. பகுதியின் சராசரி, பகுதியைப் பற்றியே பேசும்.

கணக்கெடுத்த தெருவுக்கு முடிவைத் திரும்பச் சொல்லாமல் விடுவதை நாங்களே நெடுநாள் செய்துவந்தோம். கொருக்குப்பேட்டையில் ஒரு சந்தில் முதல்முறையாக முடிவுகளை வாசித்துக் காட்டியபோது, தூக்கமின்மைக்குக் காரணம் கவலை என்று நாங்கள் எழுதியிருந்ததை அங்கிருந்த பெண்கள் ஏற்கவில்லை. அடிபம்பில் தண்ணீர் ஏறும் நேரம் பின்னிரவு என்பதால் மூன்று மணிக்கே குடத்தோடு எழுந்துகொள்வதாகவும், படிவத்தில் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை என்றும் சொன்னார்கள். அடுத்த கணக்கெடுப்பின் படிவத்தில், தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு முன்னால், “தண்ணீர் பிடிக்க எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்?” என்ற கேள்வியைச் சேர்த்தோம்.