ஸ்டாலின் வாழ்க்கை வரலாற்றை எடைபோட

குடியாத்தத்தில் தறி ஓட்டிய என் அப்பா விட்டுப்போன புத்தகங்களில் சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலினின் வாழ்க்கை வரலாறு மட்டும் மூன்று. எதை நம்புவது?

முதலில் எழுதப்பட்ட ஆண்டைப் பாருங்கள். பின்னால் வந்த சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்டாலினைக் கண்டித்துப் பேசியது 1956 பிப்ரவரியில். ஸ்டாலின் உயிரோடு இருந்தபோது சோவியத்தில் வந்ததெல்லாம் புகழ்மாலை. ஆவணக் காப்பகங்கள் பெருமளவில் திறந்தது 1991-ஐ ஒட்டித்தான்.

அப்புறம் பிறந்த தேதி. அரசு கொண்டாடியது 1879 டிசம்பர் 21. அவர் பிறந்த கோரி ஊரின் தேவாலயப் பதிவேட்டிலோ 1878 டிசம்பர் 6, புதிய நாட்காட்டிப்படி 18. இன்றைக்கு எழுதுகிறவர் இதைச் சொல்லாமல் தாண்டினால் எனக்கு நம்பிக்கை போய்விடும்.

முக்கியமானது 1932-33 பஞ்சம். உக்ரைனில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்தார்கள். அப்பாவின் பழைய பிரதியில் விவசாயிகளின் நிலங்களை ஒன்றாக்கிய கூட்டுப்பண்ணைக்கு ஒரு முழு அத்தியாயம், பஞ்சத்துக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தப் பக்கங்களின் ஓரத்தில் அவர் ஆசையாகப் பென்சில் கோடு போட்டிருக்கிறார். பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கும்.

திட்டுகிற புத்தகத்தையும் சும்மா விடாதீர்கள். அரசின் எதிரிகள் என்று ஆட்களைப் பிடித்துக் களையெடுத்த 1937-38-இல் மரண தண்டனை பெற்றோர் சோவியத் பதிவுகளின்படியே 6,81,692 பேர். அதைவிடப் பெரிய எண் சொன்னால், அடிக்குறிப்பு எங்கே என்று புரட்டுங்கள்.